வெட்டாத பேச்சு

நம் பாட்டு புது இசைத்தட்டாக நேற்று கூரியரில் வந்தது. பிரித்ததும் பிளாஸ்டிக் வாசனை. அதைப் பதிவு செய்த அன்று உன் சட்டையில் சுண்ணாம்பும் ஈரத்தோலும் நாறின. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்தே போய்விட்டார்.

நீங்கள் வேலூரில் கல்லூரி மாணவர்கள். நான் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். எனக்கு எதையும் யாரும் சொல்லித் தந்ததில்லை. டேப் ரிக்கார்டர் இருந்ததால் உங்கள் பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டீர்கள். உன் அப்பா வேலை பார்த்த ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்மே நமக்குத் தாளம் போடட்டும் என்று சொன்னவன் நீ. நாம் போனது வெள்ளிக்கிழமை, ஷாப்பு லீவு. வாட்ச்மேன் காலி டிரம்மைச் சுழற்றிக் காட்டினார். நீ முகம் சுளித்தாய்.

"காலியா சுத்துனா இன்னா சத்தம் வரும் பாய்? உள்ள தோல் விழணும்."

நீயே ஈரத்தோல்களைத் தூக்கிப் போட்டாய். ஒவ்வொரு சுற்றிலும் அவை மேலேறிப் பொத்தென்று விழுந்தன. அந்தச் சத்தத்தின் மேல் நீ பாடினாய்.

குழுவில் கிட்டார் வாசித்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இதெல்லாம் ஒரு பாட்டாடா? உன் பேரப் போட்டா கேசட்டே நாறும்." என் டேப் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னபடியே செய்தான். கேசட் உறையில் உன் பெயர் இல்லை. "உட்றா தோஸ்த், பாட்டு இருக்குதுல்ல" என்றாய். நான் விடவில்லை.

நீ போய்ச் சேர்ந்த பிறகு, சென்னைப் பெண் ஒருத்தி அந்தக் கேசட்டைப் பழைய சாமான் கடையில் கண்டெடுத்து, மறுபடி வெளியிடக் கிளம்பினாள். டிரம் யோசனை தன்னுடையது என்று அந்தக் கிட்டார்காரன் பேட்டி கொடுத்தான். மூல டேப் என்னிடம் இருந்தது. அதைக் கேட்டு அவள் வந்தபோது, உன் பெயர் முதலில் வர வேண்டும், டேப்பில் உள்ள பேச்சில் ஒரு சொல்லையும் வெட்டக் கூடாது என்றேன். அவள் டேப்பை ஓடவிட்டுக் கேட்டாள். "பேச்ச கடைசியில அப்படியே வெச்சிடறேன் சார்" என்றாள்.

இன்று காலை அவன் காரில் வந்து இறங்கினான்.

"நெட்ல போடறப்பவாவது அந்தப் பேச்ச எடுத்துடச் சொல்லுண்ணே. பேரப்பசங்க கேப்பாங்க."

"கேக்கட்டும். சத்தம் ஜாஸ்தியா வெச்சுக் கேக்கச் சொல்லு."

"இத்தினி வருஷமாச்சு, இன்னுமா கோவம்?"

"கொஞ்சங்கூட கம்மியாகல."

"அவனா இருந்தா மன்னிச்சிருப்பான்."

"மன்னிச்சிருப்பான். அதான் அவன் இருந்த வரைக்கும் நீ தப்பிச்ச."

உட்காரச் சொல்லவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை. நீ இருந்திருந்தால் என்னைத் திட்டிவிட்டு அவனுக்கு டீ வாங்கி வந்திருப்பாய். உன் குரல் இனி கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சொந்தம். உனக்கு வராத அந்தக் கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.