மூன்றாம் பார்ட்டிஷனில் உட்கார்ந்தவர்கள்

நிலவு, தென்முனைப் பனிச்சுரங்கம். பதிவு: ஜெனோவா, கணினிப் பராமரிப்பு, ஒப்பந்த ஊழியர்.

மார்ச் 3, 06:10
மின்சாரம் திரும்பியது. அதிகாரிகள் குடியிருப்புக்கான டிஸ்க் பகுதி, அதாவது பார்ட்டிஷன், தானாக மவுண்ட் ஆகிக் கணினியோடு இணைந்தது. ஒப்பந்த ஊழியர் குடியிருப்பின் மூன்றாம் பார்ட்டிஷனை வழக்கம்போல் நான் கையால் மவுண்ட் செய்தேன். அவர்களுடைய காற்று வால்வுக்கான அமைப்புகள் அந்தப் பார்ட்டிஷனில்தான் இருக்கின்றன. மவுண்ட் ஆகாவிட்டால், அங்கே ஆளே இல்லை என்று கணினி வால்வை மூடிவிடும். அதையும் தானாக மவுண்ட் ஆகும்படி மாற்றக் கேட்டேன். அவசரமில்லை என்று பதில் வந்தது.

14:40
விண்கல் விழுந்து ஒரு ஆக்சிஜன் தொட்டி போய்விட்டது. ஸ்பீக்கரில் மேலாளர் ரகுநந்தன்:
"மூணாவது பார்ட்டிஷனை அன்மவுண்ட் பண்ணிடும்மா. கப்பல் வர்ற வரைக்கும் எல்லாருக்கும் காத்து பத்தாது. பெர்சனலா எடுத்துக்காத."
அங்கே துளையிடும் குழுவின் பதினொரு பெண்கள். அதிகாரிகளின் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் காற்றை நிறுத்தினாலே எல்லாருக்கும் போதும். அதைச் சொன்னேன். அன்மவுண்டைத் தானே செய்துகொள்வதாகச் சொன்னார்.

15:05
துளையிடும் குழுத் தலைவி விக்டோரியா அக்காவிடம் மைக்கில் சொன்னேன்: டெர்மினலைத் திறந்து உங்கள் பார்ட்டிஷனின் டைரக்டரிக்குள் போய் அப்படியே இருங்கள். உள்ளே ஒருவர் இருக்கும்வரை கணினி அன்மவுண்ட் செய்யாது.
"தர்ணாதான ஏட்டி? நமக்கு என்ன புதுசா. மாத்தி மாத்தி உக்காருதோம்."
அதற்குள் என் மைக்கைத் துண்டித்துவிட்டார்கள்; அவர்கள் பேசுவது மட்டும் எனக்குக் கேட்கிறது. மவுண்ட் செய்யும் அனுமதியும் போனது. என் அறைக் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கிறது.

15:20
ரகுநந்தன் அன்மவுண்ட் கட்டளை கொடுத்தார். என் திரையில்: பயன்பாட்டில் உள்ளது. மறுபடி கொடுத்தார். அதே பதில். அக்காவுக்குச் சிரிப்பு.
"ஏட்டி ஜெனோ, இன்னும் தட்டிக்கிட்டுதான் இருக்கானா? வெரலு தேஞ்சிரப் போவுது. இப்ப ரோஸ்லின் உக்காந்திருக்கா, காலு மரத்துப்போச்சாம்."

15:50
தட்டுவதை நிறுத்திவிட்டார். அன்மவுண்ட் கட்டளையின் உதவிப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். என் திரையில் தெரிகிறது. மெல்லக் கீழே போகிறார். கர்த்தரே, அந்த 'எல்' வரிக்கு அவர் வரக்கூடாது.

16:02
வந்துவிட்டார். 'எல்' சேர்த்துக் கட்டளை கொடுத்துவிட்டார்.
அந்த ஒரு எழுத்தைச் சேர்த்தால் கணினி மறுக்காது. உள்ளே இருப்பவர்களை அப்படியே விட்டுவிட்டு, வெளியிலிருந்து பார்ட்டிஷனைக் கழற்றிவிடும். அவர்களுடைய திரையில் எல்லாம் முன்போலவே இருக்கும். வால்வின் கணக்கில் மட்டும் அங்கே யாரும் இல்லை.

16:04
அவர்கள் டைரக்டரியில் எழுதினேன்: காற்று நின்றுவிட்டது, விண்வெளி உடையைப் போடுங்கள். சேமிக்கப்பட்டது. பார்ட்டிஷன் கழன்றபின் அந்த இடத்தில் மிஞ்சிய வெற்று டைரக்டரியில். அவர்கள் திரையில் அது தெரியாது.

16:31
"ஏட்டி, சத்தத்தையே காணோம். விட்டுட்டான் போல. நாங்க எந்திரிக்க மாட்டோம், நீ பயப்படாத. ரோஸ்லினுக்குத்தான் ஒறக்கம் ஒறக்கமா வருதாம்."

16:33
கதவைத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. மறுபடி எழுதினேன். சேமிக்கப்பட்டது. மறுபடி எழுதினேன். சேமிக்கப்