தைத்து மூடிய கடைசி அத்தியாயம்

காத்தான்குடி
12.11.2004

அன்பின் பிரஷாந்தி,

நானும் சுகம், கடையும் சுகம். நீ அனுப்பிய நாவலைத் துணி வெட்டுகிற மேசைக்குக் கீழே வைத்து வாசித்தேன். வாப்பா கண்டுவிட்டார். "இந்த வயசிலயும் சின்னப் புள்ளயளுட கதையா வாசிக்காய் மகள்?" என்றார். ஓம் என்றேன்.

நம் ஒப்பந்தப்படி, தைத்து மூடிய கடைசி அத்தியாயத்தைப் பிரிக்க முதல் என் தீர்ப்பு: பதினைந்து வயதுப் பிள்ளை இவ்வளவு நல்லவளாக இருக்கமாட்டாள். தகப்பன் குடித்துவிட்டு அவளுடைய சைக்கிளை விற்கிறான். அவள் நிலாவைப் பார்த்து மன்னிக்கிறாள். நானென்றால் ஒரு கிழமைக்குச் சோறு போடமாட்டேன். இளையோர் நாவல் எழுதுகிறவர்களுக்கு இளையோரைக் கண்டால் பயம். அதுதான் பக்கம் முடிவதற்குள் எல்லோரையும் திருத்திவிடுகிறார்கள். முடிவில் தகப்பன் சாவான், அவள் அழுவாள்.

இதை எழுதிவிட்டுப் பிரித்தேன். செத்துத்தான் போனான். உன் தங்கச்சி கஜானியிடம் சொல்லு, அவள் தைத்த சிவப்பு நூலை அறுக்க பிளேட் தேடவேண்டியதாயிற்று.

ஹிதாயா

கதிரவெளி
3.12.2004

அன்புள்ள ஹிதாயா,

உன் கடிதத்தைக் கஜானிக்கு வாசித்துக் காட்டினேன். "சோறு போடாட்டித் தேப்பன் திருந்திருவானோ?" என்று கேட்கிறாள். அவளுக்கு நாவல் பிடித்தது. ஆனால் சைக்கிள் விற்கிற இடம் வந்ததும் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள். கவலையான இடம் வந்தால் அவள் வழக்கம் அது. மனம் தேறின பிறகுதான் எடுப்பாள். அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் அம்மா சத்தம் போடுகிறா.

அவளுக்கு ஒரு ஆசை. கதாநாயகி சாகாமல், கலியாணமும் முடிக்காமல், சும்மா கிழவியாகிற நாவல் வேண்டுமாம். உங்கள் பக்கம் கிடைத்தால் அனுப்பு. நீ தைத்தால் சாக்குத் தையலாம், ஆகவே தைக்கவேண்டாமாம்.

பிரஷாந்தி

காத்தான்குடி
9.1.2005

பிரஷாந்தி,

கடல் வந்த அன்று கஜானி போய்விட்டாள் என்று வாகரையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். பெயரைப் பிழையாகச் சொல்லியிருப்பார் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிழையில்லை.

இங்கேயும் கடற்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஜனாஸா, அடக்கம். எங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். அதை உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு வாங்கின நாவலை அனுப்பவில்லை. நீ எழுது. எப்போதென்றாலும் எழுது.

ஹிதாயா

தேற்றாத்தீவு
14.6.2009

அன்புள்ள ஹிதாயா,

இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன். ஏச வேண்டுமென்றால் ஏசு. கதிரவெளியில் செல் குண்டு விழத் தொடங்கியதும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். முகாம்களுக்குப் பிறகு இப்போது மாமி வீட்டில் இருக்கிறோம். போன மாதம் யுத்தம் முடிந்தது. ஒரு நாவல் முடிந்த மாதிரி எல்லோரும் பேசுகிறார்கள்.

நானும் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். இளையோருக்குத்தான். அச்சிட ஒருவர் கேட்கிறார். கைப்பிரதி இத்துடன் வருகிறது. கடைசி அத்தியாயத்தைத் தைத்திருக்கிறேன். ஒப்பந்தம் ஞாபகம்தானே? இரக்கம் பார்க்காமல் எழுது.

பிரஷாந்தி

காத்தான்குடி
2.7.2009

பிரஷாந்தி,

இரக்கம் பார்க்கவில்லை.

முன்பாதி நல்லது. உன் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள், பசிக்கிறது என்கிறார்கள், ஒருவரும் நிலாவைப் பார்க்கவில்லை. பிறகு கடல் வருகிறது, சிநேகிதி சாகிறாள். அவளுக்குப் பெயர் ஹிதாயா. என் மூக்குக்கண்ணாடி, வாப்பாவின் கடை, என் வாய். அதோடு புத்தகத்தை அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறாள். அது கஜானியின் பழக்கம். நான் பிறந்ததற்கு அப்படிச் செய்ததில்லை. அவளுடையதை எடுத்து எனக்குப் போட்டு, என்னைக் கொண்டுபோய்க் கடலில் விட்டிருக்கிறாய். வாசிக்கிற பிள்ளைகள் அழவேண்டும் என்றுதானே? நீ உயிரோடு இருக்கிறாயா என்றுகூடத் தெரியாமல் இத்தனை வருடம் இருந்தவள் நான். எனக்குச் சரியான கோபம்.

நூலை அறுக்கவில்லை, அறுக்கவும் மாட்டேன். தையலும் நெகிழ்ந்து கோணிக் கிடக்கிறது. அடுத்த கிழமை கைப்பிரதியைத் திருப்பி அனுப்புவேன். இந்தப் பெயரோடு புத்தகம் வந்தால் எனக்கு இனி எழுதாதே.

ஹிதாயா

தேற்றாத்தீவு
8.7.2009

ஹிதாயா,

தையல் கோணல்தான். தைக்கிறவள் இல்லையே.

முதலில் கஜானி என்ற பெயரில்தான் எழுதினேன். கடல் வருகிற இடத்தில் கை நின்றுவிட்டது. முகாமில் இருந்த காலமெல்லாம் அந்த ஒரு வரியிலேயே இருந்தேன். பிறகு உன் பெயரைப் போட்டேன். ஒரே மூச்சில் எழுதி முடிந்தது. நீ காத்தான்குடியில் துணி கிழித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். எத்தனை தரம் கொன்றாலும் நீ இருப்பாய். அவளை ஒரு தரம்கூட என்னால் முடியவில்லை.

நூலை அறுத்திருந்தால் கண்டிருப்பாய். உள்ளே வெறுந்தாள். கடைசி அத்தியாயம் எனக்கு வரவில்லை. பெயரை மாற்றிவிடுகிறேன். கோபிக்காதே.

பிரஷாந்தி

காத்தான்குடி
15.7.2009

அன்பின் பிரஷாந்தி,

கைப்பிரதியை அனுப்பவில்லை. நூலையும் அறுக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். உம்மா சத்தம் போடுகிறா.

கடைசி அத்தியாயத்தை எழுதினால் தபாலில் அனுப்பாதே. பஸ் ஏறி வா, ஒரு மணித்தியாலம்கூட இல்லை. இரண்டு பேருமாக அறுப்போம். கஜானிக்கு வாங்கின நாவலும் இங்கேதான் இருக்கிறது. அதில் கதாநாயகி கிழவியாகிறாள். நடுவில் கொஞ்சம் இழுவை, மற்றப்படி குறையில்லை.

பெயரை மாற்றாதே. எத்தனை தரம் வேண்டுமென்றாலும் கொல்லு. நான் கடையில்தான் இருக்கிறேன்.

ஹிதாயா