கீரைக்கு உப்பு போடும் நேரம்

அக்கா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ரேஷன் கடைக்குப் பின்னால் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த இடம் உங்கள் கையால் தோட்டமாகும், ஊரில் பாதிக் குடும்பம் ஆளுக்கொரு பாத்தி பிடிக்கும், உங்கள் சனிக்கிழமை சமையல் வகுப்புக்குத் திருப்புலிவனத்திலிருந்தும் மானாம்பதியிலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்து ஆள் வரும், எல்லாம் நான் முன்கூட்டிச் சொன்னதுதான். நீங்கள் இருந்தால், "எப்ப தம்பி சொன்ன? முள்ளு வெட்டற அன்னிக்கு பாம்பு கீதுன்னு ஓடனவன்தான நீ?" என்று கேட்பீர்கள். ஓடவில்லை. ஆள் கூட்டிவரத்தான் போனேன்.

இன்று காலை அரைக்கீரை கடைந்தேன், உங்கள் மத்தால். பிடி தேய்ந்து, அடியில் பூண்டு வாசனை ஊறிப்போன அதே மத்து. எத்தனை தடவை கழுவிக் கவிழ்த்தாலும் அந்த வாசனை போவதில்லை. மூக்கில் ஏறியதும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இன்றோடு ஒரு வருஷம். தோட்டத்துக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதி வந்து சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் படிக்க வேண்டும் என்று பேச்சு. எனக்கு எழுத்து பெரிய விஷயமில்லை. ஒன்பதாவதிலேயே ஹெட்மாஸ்டர், "இதுக்கு மேல உனக்குச் சொல்லிக் கொடுக்க இங்க ஆள் இல்ல" என்று கும்பிட்டு அனுப்பிவைத்தவன் நான்.

என் வீட்டுக்காரி போனபிறகு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவனுக்கு ஸ்டவ் பற்றவைக்கத் தெரியவில்லை. காலையில் டீக்கடை போண்டா, ராத்திரிக்குப் பரோட்டா. வயிறு கெட்டு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தேன். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் மகள் வந்து நின்றாள்.

"நைனா, வூட்ட பூட்டிக்கினு எங்கூட வந்துடு. இப்டியே துன்னுக்கினு இருந்தா உன்ன பாக்கவே முடியாது."

மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் மூன்றாவது மாடி. அங்கே நான் பேசினால் யார் கேட்பது, லிஃப்டா? ஊரை விட்டு ஒரு வாரம் போனால் எனக்குப் பேச்சே அடைத்துப் போகும். அன்றைக்கு நீங்கள்தான் நடுவில் வந்தீர்கள். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் உங்கள் வார்த்தைக்கு என் மகளிடம் மதிப்பு. அவளே உங்கள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள்.

"மூணு மாசம் குடும்மா. உங்கப்பனுக்கு ஒரு பாத்தி குடுக்கறேன். வெளைய வெக்கட்டும், வெளைஞ்சத ஆக்கட்டும். நான் வாயில வெச்சுப் பாத்து சரின்னு சொன்னா, வுட்டுட்டுப் போ."

"நீங்க சொன்னா சரி அத்தை," என்றாள் அவள். என் வீடு, என் பேச்சு, என் மிச்ச நாள் எல்லாம் உங்கள் நாக்கு நுனிக்குப் போய்விட்டது.

முதலில் பாத்தி. கீரை விதையோடு மணல் கலந்து தூவச் சொன்னீர்கள். ஏக்கர் கணக்கில் உழுதவனுக்கு ஒரு பிடி விதைக்கு மணலா என்று நான் அப்படியே வீசினேன். பத்து நாளில் ஒரு மூலையில் கோரைப்பாய் விரித்ததுபோல் முளைத்து நின்றது. மற்ற இடம் மொட்டை. இடுப்பில் கை வைத்துப் பார்த்தீர்கள்.

"இன்னா தம்பி இது? ஒரு பக்கம் பந்தி நடக்குது, மீதி மண்டபம் காலியா கீதே."

"புது முறை அக்கா. வேளாண்மை ஆபீசர் வந்து போட்டோ எடுத்தாரு."

"எடுத்தாரு. எப்டி வெதைக்கக் கூடாதுன்னு காட்டறதுக்கு எடுத்தாரு."

தோட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் ஏரிக் கால்வாயில் மணல் அள்ளி வந்து மறுபடி விதைத்தேன். அந்தக் கீரை பனை மரத்துக்குப் பாதி உயரம் வளர்ந்தது என்று மாகறல் வரைக்கும் போய்ச் சொன்னேன். முழங்காலுக்கு வளர்ந்தது என்பது நிச்சயம்.

சமையல் வகுப்பில் உங்கள் சட்டம் ஒன்றே ஒன்று. தன் சட்டியைத் தானே ருசி பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும். "சத்துணவுல புள்ளைங்களுக்குப் போடறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் வாயில வெப்பாங்க. ஆக்கனவ நாக்கு ஆக்கனவளுக்குத்தான் சாட்சி சொல்லும்" என்பீர்கள். பதினோரு பெண்களுக்கு நடுவில் நான் ஒருத்தன். என் முதல் கீரையை வாயில் வைத்த ரேஷன் கடை எடையாளர் மனைவி, எழுந்துபோய்க் குழாயடியில் நின்றாள். உப்பு. பச்சைக் கீரை சட்டி வழிய நிற்பதைப் பார்த்து அந்த அளவுக்கு அள்ளிப் போட்டிருந்தேன். வெந்ததும் கீரை அடங்கிவிட்டது. உப்பு அடங்குமா?

என் சட்டியை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினீர்கள்.

"கீரையும் இந்தத் தம்பி பேச்சும் ஒண்ணு. போடச்சொல்லோ சட்டி நெறைய கீது. வெந்தா ஒரு பிடி. அந்த ஒரு பிடிக்குத்தான் உப்பு. அடங்கட்டும், அப்பறம் போடு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றோடு வகுப்பை விட்டிருப்பேன். நீங்கள் சொல்லிவிட்டு, "வூட்ல பழகு" என்று உங்கள் மத்தைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தீர்கள். மூன்று வாரம் தினமும் கீரைதான். பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கண்டாலே கதவைச் சாத்தினார். ருசி பார்க்க ஆள் வேண்டுமே.

மூன்றாவது மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, புதன்கிழமை சாயங்காலம், தூக்குவாளியில் கீரை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வாய் வைத்தீர்கள். பிறகு, "உப்பு சரியா கீது தம்பி. உன் பொண்ணுக்கு நான் சொன்னேன்னு சொல்லு" என்றீர்கள். மறுநாள் விடியற்காலையிலேயே உங்களுக்கு மூச்சு நின்றது. இதை நான் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கடைசியாகச் சாப்பிட்டது என் கீரைதான் என்று டீக்கடையில் சொல்லும்போது கேட்பவர்கள் கண் கலங்கும். மகளும் கலங்கினாள், என்னை ஊரிலேயே விட்டுவிட்டாள். வரும்போதெல்லாம் என்னை உட்காரவைத்து அவளே சமைத்துப் போடுவாள். "அத்தையே சொல்லிட்டாங்க, நான் வேற பாக்கணுமா நைனா" என்பாள்.

இப்போது தோட்டத்தில் புதிதாக வருபவர்களுக்கு மணல் கலந்து விதைக்கச் சொல்லிக் கொடுப்பது நான். இரண்டாவது சனிக்கிழமை கீரை வகுப்பும் என்னுடையது. ஆண்கள் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். கீரையை அவர்கள் சட்டியில் போட்டதும் உப்பு ஜாடியை நான் கக்கத்தில் வைத்துக்கொள்வேன். அடங்கியபிறகுதான் கைக்குக் கொடுப்பேன்.

இவ்வளவு எழுதிவிட்டு அந்தப் புதன்கிழமையை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை அக்கா. சாயங்காலம் இதைப் படிக்கும்போது மகள் முன்வரிசையில் இருப்பாள்.

நான் வந்தது மறுநாள் காலையில். நீங்கள் நாற்காலியில் இல்லை. வாசல் முழுக்கச் செருப்பு. பந்தலுக்குக் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். தூக்குவாளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். விடியற்காலையிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். போனில் மகள் அழுது முடித்துவிட்டு, "நைனா, அத்தை ருசி பாத்தாங்களா?" என்று கேட்டாள். "பாத்தாங்க" என்று வந்துவிட்டது. அந்தக் கீரையை நானும் வாயில் வைக்கவில்லை. உங்கள் பாத்தி ஓரமாகக் குழி எடுத்து மூடினேன். அதில் உப்பு சரியாக இருந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இது ஒன்றுதான் முழுப் பொய்.

இன்று கடைந்த கீரை தூக்குவாளியில் இருக்கிறது. அடங்கியபிறகுதான் உப்பு போட்டேன். ருசி பார்க்கவில்லை. படித்து முடித்ததும் கரண்டியை மகள் கையில் கொடுக்கப்போகிறேன். அவள் என்ன சொன்னாலும் சரி. மூன்றாவது மாடிக்குப் போக நேர்ந்தாலும் மத்தை மட்டும் எடுத்துப் போவேன்.