நம்பும்படி இல்லாத இடம்

எண்ணூர்
9-12-1969

அன்புள்ள அடைக்கலமேரிக்கு,

நீயும் அத்தையும் ரெஜினாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் முதுகுவலி எப்படி? எனக்கு ஒன்றுமில்லை.

ரெஜினாவுக்காக எழுதிய மாயக் கதையைச் சிறுவர் பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. கதையில் எங்கள் தொழிற்சாலைக் கிரேனுக்குத் திடீரென்று பேச்சு வருகிறது. தன்னை ரிப்பேர் செய்யும் மெக்கானிக்குக்காக அது ஆபீசரிடம் லீவு கேட்கிறது. அவர் கொடுக்கிறார். கிரேன் அவனைத் தூக்கிக்கொண்டு பறந்துபோய், தூத்துக்குடியில் மகள் முன்னால் இறக்கிவிடுகிறது.

பத்திரிகைக்காரர் கிரேன் பேசுவதையும் பறப்பதையும் தொடவில்லை. ஆபீசர் லீவு கொடுக்கும் இடத்தை மட்டும் சிவப்பு மையால் அடித்து, ‘நம்பும்படி இல்லை, மாற்றவும்’ என்று எழுதியிருக்கிறார்.

கிரேன் ஓட்டும் கஸ்பார் விழுந்து விழுந்து சிரித்தான். “இன்னா மாமு, கிரேனுகூட ஒருநாள் பேசிடும். நம்ம ஆபீசரு லீவு குடுத்துடுவாரா?”

ஆத்திரத்தில் அன்றே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். இல்லையென்று வந்துவிட்டது. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் நான் வரவில்லை. பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு.

கொஞ்சம் கருவாடு அனுப்பு. ரெஜினாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. போன வருஷ அளவுக்கு வாங்கிய செருப்பு இங்கேயே கிடக்கிறது, இனி அவளுக்குச் சேராது.

சங்கு ஊதுகிறது, போகிறேன். கதையை நான் மாற்றப்போவதில்லை.

உன்,
லியோனார்ட்