பதினொரு அம்புக்குறிகள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று கம்பெனியில் நானூற்றுப் பன்னிரண்டு சட்டை பார்த்தேன். முப்பத்தொன்றைத் திருப்பி அனுப்பினேன். காலர் தைக்கிற பெண் நேரே என் மேஜைக்கு வந்து, "ஏங்க்கா, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுதான் வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே அவளுடைய இன்னொரு சட்டையிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். தைத்த துணியில் பிழை பார்க்கிற செக்கிங்கில் பதினாலு வருஷம். இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தால் என் மகள் வாண்டு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு உடை தைக்க வேண்டுமாம், பழைய துணியில், தங்கள் கையாலேயே. 22ஆம் தேதி அதைப் போட்டுக்கொண்டு மேடையேறி மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இது முன்னால் என்னவாக இருந்தது? எங்கே கஷ்டமாக இருந்தது? அடுத்த தடவை எதை மாற்றுவாய்?

கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு: பெற்றோர் கை வைக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "உன் பேரைத்தான் போடல" என்றார்.

பிப்ரவரி 8, சனி

ஆரம்பித்துவிட்டாள். பழைய தலையணை உறை ஒன்று. தைத்து மூடியிருக்கிற பக்கத்தில் தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு. தலை ஓட்டையைத் தட்டை வைத்து வரைந்து வெட்டினாள் — சாப்பாட்டுத் தட்டை! இரண்டு தோளும் அது வழியாக வெளியே வந்துவிடும். அவர் வேன் ஓட்டப் போட்டுப்போட்டு நைந்த யூனிஃபார்ம் பேன்ட்டிலிருந்து ஒரு பாக்கெட். உடைந்த குடைத்துணியில் இடுப்புப் பட்டை.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானூறு சட்டை பார்ப்பது இதைவிடச் சுலபம்.

பிப்ரவரி 12, புதன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

வேலையிலிருந்து வந்து ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கவுன் மேஜைமேல் கிடந்தது. வாண்டு குளித்துக்கொண்டிருந்தாள். சும்மா பார்க்கலாம் என்றுதான் எடுத்தேன். சத்தியமாகச் சும்மாதான். கம்பெனியில் துணியில் பிழை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம், முனை பிழையைக் காட்டும்படி. ஸ்டிக்கர் ரோல் ஏப்ரன் பையில்தான் இருக்கும். கண் பார்க்கப் பார்க்கக் கை ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

அவள் ஈரத்தலையோடு வந்து நின்றாள். விரல் வைத்து எண்ணினாள். "பதினொண்ணு."

நான் பிய்க்க ஆரம்பித்தேன். "இரும்மா," என்றாள். "நல்லா இருக்கிற இடத்துக்கு ஒட்டுற ஸ்டிக்கர் இல்லையா?"

இல்லை. எங்களிடம் அப்படி ஒன்று கிடையாது. நல்ல சட்டை பேசாமல் பெட்டிக்குள் போய்விடும். அதை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

பிப்ரவரி 13, வியாழன்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். நான் காக்கையைவிடக் கேடு.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று எழுதியதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? அரை நாள் லீவு போட்டு வந்து, அவள் பள்ளியில் இருக்கும்போது தையல் மிஷினை எடுத்தேன். பாக்கெட்டை வைத்துத் தைக்கும்போது கவுனின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள். உடம்பே உள்ளே நுழையாது. அதைப் பிரித்து, கோணல் இல்லாமல், ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டு... அழகாகத்தான் இருந்தது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என்ன புத்தி எனக்கு!

வந்து பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கவுனை மடித்து என் கைப்பைக்குள் வைத்தாள்.

"இது உன்னோடது. நான் மேடைக்கு வரல. இனிமே எதையும் உன்கிட்ட காட்ட மாட்டேன்."

பிப்ரவரி 15, சனி

சொன்னதைச் செய்கிறாள். நான் அறைக்குள் போனால் வரைகிற தாளைத் திருப்பி வைக்கிறாள். கணக்கு நோட்டில் அப்பா கையெழுத்து. விழுந்த பல்லை அவரிடம் காட்டியிருக்கிறாள். எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

"நீ கம்பெனியை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்ட," என்றார். கோபம் வந்தது. உண்மை என்பதால்தான் வந்தது.

மேடை போனால் போகட்டும். ஏழு வயதில் என்னிடம் மறைக்கப் பழகிவிட்டால் பதினேழு வயதில் எதைக் காட்டுவாள்? இதை இப்படியே விடமாட்டேன். கெடுத்தது நான், சரிசெய்வதும் நானே. ஆனால் ஊசி நூலால் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்குப் போய் வகுப்பு டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கடிந்துகொள்வார் என்று பார்த்தால் சிரித்துவிட்டார்.

"நீங்களாவது வந்து சொன்னீங்க. இங்க பாதிப் பிள்ளைங்க துணி ஒரே நாள்ல தானா நேராயிடுது." பிறகு, "அவகிட்ட சொன்னீங்களா?" என்றார்.

ஊரெல்லாம் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாலை கூடத்தில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து என் மிஷின் தையலைப் பிரித்தேன். இரட்டைத் தையல் இல்லையா, சீக்கிரம் வரவில்லை. வாண்டு கதவோரம் நின்று பார்த்தாள்.

"மெதுவா. துணி கிழிஞ்சிரும்."

"சரி," என்றேன். "உன்னைக் கேக்காம தொட்டது தப்பு. நான் செஞ்சது தப்புடா."

"ஸ்டிக்கரும்."

"ஸ்டிக்கரும்."

பாக்கெட், உறை, நூல்கண்டு எல்லாவற்றையும் அவள் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே.

பிப்ரவரி 20, வியாழன்

கதவைச் சாத்திக்கொண்டு தைக்கிறாள்! அப்பா போகலாம், நான் போகக் கூடாது. உள்ளே "ஐயோ" என்று ஒரு சத்தம். நாற்காலியை விட்டு எழவில்லை. என் கால்களைக் கேட்டால் தெரியும்.

பிப்ரவரி 22, சனி

கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. முதலில் வந்த பையன் கழுத்தில் டை கட்டி, பேன்ட் கால் ஒன்றைத் தொப்பியாகப் போட்டிருந்தான். மூன்றாவது கேள்விக்கு, "அடுத்த தடவை அப்பாகிட்ட கேட்டுட்டு வெட்டுவேன்" என்றான். முன்வரிசையில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு வாண்டு. கவுன் ஒரு தோளிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிவிட்டபடியே பேசினாள்.

"இது தலையணை உறை. இது எங்கப்பா பாக்கெட். இது குடை, அதனால இடுப்புல மட்டும் மழை படாது." கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "பாக்கெட்தான் கஷ்டம். முன்னாடி பின்னாடி சேத்துத் தச்சிட்டேன். அப்புறம் மறுபடியும் சேத்துத் தச்சிட்டேன். மூணாவது தடவை உள்ள அட்டை வச்சுக்கிட்டுத் தச்சேன். ஒட்டல."

அட்டை! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். நான் முந்திக்கொண்டிருந்தால் இந்த அட்டை அவளுக்குக் கிடைத்தே இருக்காது. கண் நிறைந்துவிட்டது.

"அடுத்த தடவை என்ன மாத்துவ?" என்று டீச்சர் கேட்டார்.

"முழுசா முடிச்ச பிறகுதான் எங்கம்மாகிட்ட காட்டுவேன்."

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் முதலில் கை தட்டியது நான்தான், எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினேன். தட்ட வேண்டியதுதானே? உண்மையைத்தானே சொன்னாள்.

பிப்ரவரி 27, வியாழன்

பேசுகிறாள், சாப்பிடுகிறாள், என் மேலே ஏறி விழுந்து விளையாடுகிறாள். எதையும் காட்டுவதில்லை. நானும் கேட்கவில்லை. இதில் அவசரப்பட்டால் உள்ளதும் போய்விடும்.

மார்ச் 3, திங்கள்

இப்போதெல்லாம் ஏப்ரனைக் கம்பெனியிலேயே மாட்டிவிட்டு வருகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். கையில் மிச்சமிருந்த குடைத்துணி, ஒரு பக்கம்தான் தைத்திருந்தது. ஊசி அதிலேயே தொங்கியது.

"இன்னும் முடியல. அரைகுறையாத்தான் இருக்கு. பாக்குறியாம்மா?"

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று பிழை உடனே தெரிந்தது. இந்தக் கண்ணை என்ன செய்ய? தெரிந்துவிட்டுப் போகட்டும். துணியை என் கைக்கு வாங்கவில்லை, அவள் கையிலேயே பார்த்தேன்.

"என்னது இது?" என்று கேட்டேன்.

சொல்ல ஆரம்பித்தாள். குழாயை மூட மறந்துவிட்டேன். அவர்தான் எழுந்து வந்து மூடினார்.