நித்யாவுக்கென்று செய்த துப்பாக்கி

என் அன்புச் சகலை தண்டபாணிக்கு,

நலம்தானே என்று எழுதக் கை தானாகப் போகிறது. பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே நாங்கள் இருக்கிறோம். உங்கள் வீட்டுக்காரம்மா சரோஜா அக்கா இப்போதுதான் இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறார். சுகர் லேண்ட் ஊரில் வழக்கம்போல் புழுக்கம். உங்கள் கராஜைத் திறந்தால் ஆளிவிதை எண்ணெய் வாசம் இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கே காரை நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை. நீங்கள் இருந்தபோதும் கார் வெளியேதான் நின்றது, அது வேறு விஷயம்.

உங்கள் மகளைப் பற்றி ஒரு செய்தி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க எண்ணெய்க் குழாய்கள் துருப்பிடிக்காமல் காப்பது உங்கள் உத்தியோகம். சனி ஞாயிறில் துப்பாக்கிக் குழலுக்குத் துருவேற்றிப் பழுப்பு நிறம் கொண்டுவருவது உங்கள் ஆசை. குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்கும் அந்தக் காலத்துத் துப்பாக்கிதான் நீங்கள் செய்தது. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக்கு அமெரிக்கப் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போனால் காய்கறி மாதிரி துப்பாக்கி கிடைக்கிற டெக்சாஸில், நீங்கள் மாதக்கணக்கில் மேப்பிள் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தீர்கள். "ஏனுங்க, இருக்கற வேலை பத்தாதுங்களா?" என்று நான் கேட்காத வாரமில்லை. "பேசாம அந்த அரத்தை எடுங்க சகல" என்பீர்கள். நானும் எடுத்துக் கொடுப்பேன்.

போன ஆயுத பூஜையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. துருவேறத் தொங்கவிட்டிருந்த புதுக் குழலை அக்கா எடுத்துவந்து, லேப்டாப்புக்கும் கார் சாவிகளுக்கும் நடுவே வைத்து, ஈரச் சந்தனம் பூசிக் குங்குமமும் இட்டுவிட்டார். சந்தனம் பட்ட இடத்தில் துரு சரியாகப் பிடிக்கவில்லை. நீங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். "ஆயுதத்துக்குப் பொட்டு வெக்காம அப்பறம் என்னங்க ஆயுத பூஜை?" என்றார் அக்கா. தேய்த்து எடுத்துவிடலாம் என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றீர்கள். அந்தக் கறையோடுதான் குழல் கட்டையில் ஏறியது.

அது யாருக்கு என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நித்யாவுக்கு உங்கள் துப்பாக்கி என்றாலே ஆகாது. அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஹூஸ்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் டாக்டர். குண்டு பட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களை முதலில் பார்ப்பது அவள்தான். வீடு வாங்கியதும் உங்களிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "நோ கன்ஸ் இன் மை ஹவுஸ், அப்பா." "இது அந்த மாதிரி இல்ல கண்ணு. ஒரு தடவை சுட்டா மறுபடி மருந்து இடிக்கறதுக்கே நேரமாகும்" என்றீர்கள். "ஒண்ணு போதும்ப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவள் கராஜ் பக்கமே வரவில்லை.

பங்குனியில் ஒரு காலை, காபித் தம்ளரைக் கீழே வைத்த நீங்கள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. காரியமெல்லாம் முடிந்தபின் கராஜை ஒதுங்க வைத்தபோதுதான் அந்தத் துப்பாக்கியின் கட்டையில் பதித்த பித்தளைத் தகட்டைப் பார்த்தோம். அதில் தமிழில் 'நித்யா' என்று செதுக்கியிருந்தீர்கள்.

அவள் உடைந்துபோனாள். "என் வேலை என்னன்னு தெரிஞ்சும் எனக்குத் துப்பாக்கியா? ஹீ நெவர் லிசன்ட் டு மீ, சித்தப்பா. நான் சொன்னதை அப்பா காதுல போட்டுக்கவே இல்ல." எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து, உங்களைப் போலவே பழைய காலத்துத் துப்பாக்கி செய்கிற உங்கள் கிளப்காரர்கள் வந்தார்கள். துப்பாக்கி செய்கிறவர் இறந்தால், அவர் கடைசியாகச் செய்ததில் குண்டில்லாமல் ஒரு வெடி வெடித்து மரியாதை செய்வது அவர்கள் வழக்கமாம். அக்கா உடனே சரி என்றுவிட்டார். நித்யா கூடவே கூடாது என்றாள். "அவரு ஆசையா பண்ணுனது, ஒரு தடவையாச்சும் வெடிக்கட்டும்டி." "அப்பா பேர்ல அந்தச் சத்தத்தை நான் கேக்க மாட்டேன்மா." அப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு என் மூலமாகச் சேதி அனுப்பினார்கள். வீட்டில் மிச்சமிருப்பது இவர்கள் இரண்டு பேர்தான், இதில் அதுவும் போய்விடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிளப் நண்பர் வால்டர் துப்பாக்கியைச் சோதிக்க வந்தார். நித்யாவும் வந்திருந்தாள், அவர் முகத்துக்கு நேராகவே முடியாது என்று சொல்ல. வால்டர் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார், விசையை இழுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குழலின் பக்கவாட்டில் வெகுநேரம் பார்த்தார். கல்லில் தெறிக்கும் பொறி உள்ளே இருக்கும் மருந்தைத் தொட அங்கே ஒரு சின்னத் துளை வேண்டும். அந்தத் துளையை நீங்கள் போடவில்லை.

"பாவம் டான், முடிக்காமல் போய்விட்டார். டிரில்லைக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை" என்றார் ஆங்கிலத்தில். அவர் வாயில் நீங்கள் டான்.

எடுக்கப் போன நான் நின்றுவிட்டேன். உங்களுக்கு அரம் எடுத்துக் கொடுத்தவன் அல்லவா நான்? துளை போட்ட பிறகுதான் குழலுக்குத் துருவேற்றுவீர்கள். கடைசியில்தான் கட்டைக்கு எண்ணெய். இதில் எண்ணெய்ப் பூச்சு வரைக்கும் முடிந்திருக்கிறது. அதைச் சொன்னேன். வால்டர் டிரில்லுக்கு நீட்டிய கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"அப்பா மறந்துட்டாரா?" என்று கேட்டாள் நித்யா.

"டானா? அவன் மறக்கிற ஆள் இல்லை, அம்மா" என்றார் வால்டர், தொப்பியைக் கழற்றியபடி.

அவள் துப்பாக்கியை வாங்கி, துளை இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "ஸோ, இது யாரையும் சுடாது?"

"சுடாது கண்ணு. உங்கப்பா சுட முடியாத மாதிரித்தான் பண்ணியிருக்காரு" என்றேன் நான்.

உங்கள் முக்காலியில் உட்கார்ந்து, அதை மடியில் போட்டுக்கொண்டு, அழுதாள். நீங்கள் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. சமையலறையிலிருந்து ஓடிவந்த அக்கா, என்ன ஏது என்று கேட்காமலே அவள் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னபோது, "அப்ப வெடிக்க வேண்டாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஏன் சகலை, வாயைத் திறந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கையில் கொடுத்து, அவள் கோபப்படுவதை வேடிக்கை பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருந்தீர்களா? எத்தனை தடவை யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் மேல் கோபமாகவும் வருகிறது.

கிளப்பில் உங்களுக்கு மரியாதை செய்த நாளில் வெடி இல்லை. நித்யாவே துப்பாக்கியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள், எல்லோரும் தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் நின்றார்கள். இப்போது அது அவள் வீட்டு ஹாலில் இருக்கிறது. வருகிறவர்கள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, ஒரு துளை போட்டால் சுடலாமே, இப்படி அரைகுறையாக விடலாமா என்கிறார்கள்.

இது என் வாக்கு. நான் இருக்கும்வரை அதன் பக்கத்தில் டிரில்லை அண்டவிடமாட்டேன். அரைகுறை என்று யார் சொன்னாலும், என் சகலை அதை முடித்துவிட்டுத்தான் போனார் என்று சொல்வேன்.

உங்கள் மகளுக்குச் சித்தப்பாவாகவும்,
என்றைக்கும் உங்களுக்குச் சகலையாகவும் இருக்கும்,
செல்வராஜ்