மூன்றாம் மாடிக்கு இறங்கிய புடலங்காய்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் உஷாந்திக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்ல சுகம். எங்கள் பல்கனியில் குடியிருக்கிற மிளகாய், வெண்டி, வல்லாரை, பொன்னாங்காணி எல்லோரும் எங்களைவிடச் சுகம். நீயும் மருமகனும் அந்த ஒஸ்லோக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். நீ வீடியோவில் வந்து இரண்டு வார்த்தை கதைப்பதற்குள் அப்பா போனைப் பறித்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுகிறார். போன கிழமை நீ தலைமயிரை வெட்டியிருந்தாய் போல இருந்தது, வடிவாகப் பார்க்கக் கிடைக்கவில்லை, கத்தரிப் பூவைத்தான் எல்லாப் பக்கத்தாலும் பார்த்தேன். அதோடு இப்போது சொல்லப் போகிற கதையை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லவும் முடியாது.

உனக்குத் தெரியும், பென்ஷன் எடுத்த கையோடு அவர் என் குசினிக்குள் வந்து நின்றுகொண்டு, வெங்காயத்தை ஏன் குறுக்கே வெட்டுகிறாய், தேங்காயை ஏன் இவ்வளவு பிழிகிறாய் என்று தொடங்கினார். நீ கலியாணம் முடித்துப் போன பிறகு அந்தக் குறை பிடிப்பதும் நின்றுவிட்டது. பேப்பரை விரித்த பக்கத்திலேயே மத்தியானம் வரை வைத்துக்கொண்டு இருப்பார், கேட்டால் வாசிக்கிறேன் என்பார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அப்படி இருந்த மனிதர் ஒருநாள் காய்ந்த செத்தல் மிளகாயின் விதையை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டார், அது முளைத்தது, அவரும் முளைத்தார். பிறகு பெயின்ற் வாளி, அரிசிச் சாக்கு, கடைசியில் நான் வீடு முழுக்கத் தேடிய பெரிய அலுமினியச் சட்டிக்குள் ஒரு வெண்டிக்கன்று. சட்டியின் அடியில் நாலைந்து ஓட்டை. ஓட்டை இல்லாவிட்டால் வேர் அழுகிவிடுமாம். பேலியகொடை மீன் சந்தையில் வாங்கி வந்த மீனைக் கழுவிய தண்ணீரையும் பசளை, செடிக்கு நல்ல உரம் என்று ஊற்றினார், அன்றைக்கு லிஃப்ட்டுக்குள் ஏறின ஆட்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு படியால் இறங்கினார்கள். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. இரவில் சாப்பிட்டு முடிந்ததும் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கிவிட்டார், அது எனக்குப் போதும்.

புடலை நட்டதுதான் வினை. கம்பிக்கு மேலே ஏறட்டும் என்று கயிறு கட்டினார். அதுவோ கம்பியைத் தாண்டிக் கீழே இறங்கி, பிஞ்சு பிடித்து, எங்களுக்குக் கீழே இருக்கிற மூன்றாம் மாடிப் பல்கனிக்கு நேரே தொங்கியது. காய் வளையாமல் நேராக நீளவேண்டும் என்று நுனியில் ஒரு கல்லும் கட்டிவிட்டார். அங்கே கிளெமென்ற் என்று ஒருவர், கொச்சிக்கடையில் இருந்து இந்த வருசம்தான் குடி வந்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், தனி ஆள். விடிய எழும்பிக் கதவைத் திறந்தவருக்கு முன்னால் பச்சையும் வெள்ளையுமாக, நீளமாக, காற்றில் ஆடிக்கொண்டு ஒன்று. அவர் போட்ட சத்தத்தில் நான் தேத்தண்ணியை நைற்றியில் ஊற்றிக்கொண்டேன். கீழே இருந்து செக்கியூரிட்டி ஒரு தடியோடு ஓடிவந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிங்களத்தில், "சர்ப்பயெக் நெமெய் மாத்தயா, பத்தோல!" என்றான். பாம்பில்லை ஐயா, புடலங்காய்! அதன்பிறகு பாவம் அந்த மனிதர் லிஃப்ட்டில் ஏறினாலே யாராவது சிரிப்பை அடக்க இருமுவார்கள். இரண்டாம் மாடிப் பெடியங்கள் அவருக்குப் பத்தோல அங்கிள் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

கோபம் வராதா? கட்டடக் கமிட்டிக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டார். தண்ணீர் சொட்டுகிறது, மீன் மணக்கிறது, சாடிகளுக்குக் கீழே வைத்த தட்டுகளில் டெங்கு நுளம்பு பெருகும், கல் ஒருநாள் யாருடைய தலையிலாவது விழும் என்று. நியாயமாகப் பார்த்தால் அதில் முக்கால்வாசி சரி. தட்டுகளை மட்டும் அப்பா நாள்தோறும் கவிழ்த்து, மணலும் போட்டு வைத்திருந்தார். கமிட்டித் தலைவர் நாகேந்திரம் வந்து, கூட்டம் வைத்து முடிவெடுக்கிறோம், அநேகமாக எல்லாச் சாடியையும் எடுக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் அப்பா பேப்பரை எடுத்து விரித்தார், அதே பழைய மாதிரி, பக்கம் புரளவே இல்லை.

கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நேரே மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். சண்டை பிடிக்கத்தான் போனேன் பிள்ளை, கேட்க வேண்டியதை எல்லாம் படியிலேயே யோசித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் சாரமும் பெனியனுமாக, வாயில் ஒரு கயிற்றுத் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கயிற்றை எடுத்துவிட்டு, "நல்ல வேளை வந்தீங்க மிஸிஸ் ரத்தினசிங்கம், உங்க ஹஸ்பண்ட் கட்டின கல்லு பத்தாது, வளைஞ்சு போகுது, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால், பல்கனியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை புடலங்காயைப் பார்த்தபடி போட்டிருக்கிறது. புதிதாக இறங்கின இரண்டு பிஞ்சுக்கும் அவரே அளவாகக் கல் தேடிக் கட்டியிருக்கிறார். எனக்குச் சண்டை எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. "பிறகு ஏன் முறைப்பாடு குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். "அது கோவத்துல குடுத்தது. இப்ப வாபஸ் வாங்க வெக்கமா இருக்கு" என்றார். கதிரையை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, மனைவி தவறிப்போன பிறகு காலையில் எழும்பி எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்ததாகவும், இப்போது நேற்றைக்கு எவ்வளவு நீளம், இன்றைக்கு எவ்வளவு என்று பார்ப்பதாகவும் சொன்னார். நான் மேல் மாடியில் பேப்பரோடு இருக்கிற மனிதரை நினைத்துக்கொண்டேன். "வெக்கத்தைப் பாத்தா காய் போயிடும், கூட்டத்தில எழும்பிச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கூட்டத்துக்கு அப்பா வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு போனார், நுளம்பைப் பற்றி ஒரு பெரிய பிரசங்கமே செய்தார். ஒருத்தரும் அசையவில்லை. அப்போது கிளெமென்ற் எழும்பி, "காய் என் பல்கனியில காய்க்குது. சாடிய எடுத்தா என் காய் செத்துப்போகும், அதுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார். நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முறைப்பாடு தந்தது நீங்கள்தானே?" என்றார். "தந்ததும் நான்தான், இப்ப எதிர்க்கிறதும் நான்தான்." கூட்டம் முழுக்கச் சிரித்தது, இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார். கடைசியில் மீன் தண்ணீர் கூடாது, தட்டு கூடாது, கல்லுக்குப் பதில் சின்னத் துணிப்பையில் மண் கட்டவேண்டும் என்று முடிவாயிற்று. அப்பா இன்றுவரை தன் பிரசங்கத்தால்தான் கிளெமென்ற் மனம் மாறினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் அப்படியே நினைத்துக்கொள், வாயை விட்டுவிடாதே. இப்போது விடிந்தால் மேலே இருந்து இவர் கத்துகிறார், கீழே இருந்து அவர் கத்துகிறார், மண் கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்று.

உன் ஜன்னலில் வைத்திருக்கிற கறிவேப்பிலைக்கு அப்பா சொல்லச் சொன்னது: குளிருக்கு இலை கொட்டினால் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதே, அது நித்திரை கொள்கிறது. இலை கண்ணாடியில் முட்டாமல் கொஞ்சம் தள்ளி வை, ஹீற்றருக்கு மேலே வைக்காதே, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடு. நான் சொல்வது, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் பாணும் பட்டருமாக நாளை ஓட்டாதே.

இன்னும் ஒன்று. போன செவ்வாய்க்கிழமை கிளெமென்ற் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் பஸ்ஸில் ஏறிப் போய், மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்கள். அங்கே என்ன கேட்டனீங்கள் என்று நான் கேட்டேன். வெண்டியில் இருக்கிற வெள்ளைப் பூச்சி போகவேணும் என்று கேட்டதாகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். பின்னால் வந்து வாசலில் நின்று, "பிள்ளைக்கு அங்க குளிர் கொஞ்சம் குறையவேணும் எண்டும் கேட்டனான்" என்றார்.

அங்கே குளிர் குறைந்ததா என்று எழுது, அவரிடம் சொல்ல வேண்டும். குறையாவிட்டாலும் குறைந்தது என்று எழுது. நீயும் மருமகனும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல், நிறைவாக வாழவேண்டும் என்று பிள்ளையாரையும் இப்போது அந்தோனியாரையும் வேண்டிக்கொள்கிறோம். காலுக்குக் கம்பளிச் சப்பாத்துப் போடாமல் வெளியே இறங்காதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா